மணிக்கு மணி கைமாறும் பாரம்

இரண்டடி நீளத்தில் ஒரு பிவிசி குழாய் எடுத்துக்கொள்ளுங்கள். உள்விட்டம் 5 சென்டிமீட்டர் இருந்தால் போதும். அதைச் செங்குத்தாக நிறுத்தி, அசையாதபடி நாற்காலிக் காலோடு இறுக்கிக் கட்டிவிடுங்கள். அடிவாய்க்கு நேர் கீழே சமையலறை டிஜிட்டல் தராசை வையுங்கள். குழாய் தராசைத் தொடக் கூடாது; அரிசி நழுவி வெளியே வரும் அளவுக்கு இடைவெளியும் இருக்கக் கூடாது. ஒரு மில்லிமீட்டர் சரியாக இருக்கும். இப்போது மேல்வாய் வழியாக அரிசியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள்.

முதல் பிடிக்குத் தராசு ஏறும். இரண்டாம் பிடிக்கும் ஏறும், ஆனால் போட்ட அளவுக்கு ஏறாது. அரிசி ஒரு சாண் உயரத்தைத் தாண்டும்போது எண் தயங்கத் தொடங்கும். அதற்குப் பிறகு எவ்வளவு போட்டாலும் 100 கிராமிலிருந்து 150 கிராமுக்குள் எங்கோ நின்றுவிடும். குழாய் நிறைய அரிசி என்றால் ஏறத்தாழ 940 கிராம். அதில் பெரும்பகுதி தராசின் கணக்கில் வரவே இல்லை.

குழாயைக் காலி செய்து மறுபடி நிரப்பினால் எண் சற்று மாறும். மெதுவாகத் தூவினால் ஒரு எண், மொத்தமாகக் கொட்டினால் இன்னொரு எண், நிரப்பும்போது குழாயை விரலால் தட்டிக்கொண்டே இருந்தால் வேறொரு எண். இந்தச் சிறு மாற்றத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த அத்தியாயத்தின் கடைசிப் பகுதி அதைப் பற்றியதுதான்.

குழாயின் அடியில் மெல்லிய ரப்பர் தாளை ஒட்டி, அரிசிக்குப் பதில் தண்ணீர் ஊற்றினால் ஊற்றிய எடை முழுவதும் தராசில் தெரியும். நீருக்குள் அழுத்தம் ஆழத்தைப் பொறுத்தது. எல்லாத் திசையிலும் ஒரே அளவில் தள்ளும். 17-ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் தெளிவாக்கிய விதி இது. தேங்கி நிற்கும் நீர் சுவரைப் பக்கவாட்டில் தள்ளுமே தவிர, சுவரைப் பற்றிக்கொண்டு தொங்காது. அரிசி தொங்கும். ஒவ்வொரு மணியும் பக்கத்து மணியோடும் சுவரோடும் உரசி நிற்கிறது. அந்த உராய்வின் வழியாக எடையின் பெரும்பங்கு சுவருக்குப் போய், சுவரிலிருந்து கயிற்றுக்கும் நாற்காலிக்கும் இறங்கிவிடுகிறது.

அரிசி, நெல், மணல், ஜல்லி, சர்க்கரை, உரம், மாத்திரைக்கான மருந்துத்தூள் ஆகிய எல்லாவற்றையும் மணித்திரள் என்ற ஒரே பெயரில் இங்கே சொல்லப்போகிறேன். தனித்தனி மணி ஒவ்வொன்றும் கெட்டியான திடப்பொருள். சேர்ந்து நிற்கும்போதோ அவை திடத்தின் விதிக்கும் முழுதாக அடங்குவதில்லை, திரவத்தின் விதிக்கும் அடங்குவதில்லை. மேலே வைத்த பாரம் கீழே எப்படி வந்து சேர்கிறது என்ற மிக எளிய கேள்விக்கே இவற்றில் விடை காண இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இன்னும் முழு விடை வந்துவிடவில்லை.

குழாயில் நாம் பார்த்ததை 1895-இல் ஜெர்மனியின் பிரேமன் நகரில் யான்சென் என்ற பொறியாளர் அளந்து, கணக்காக்கி, ஜெர்மன் பொறியாளர் சங்கத்தின் இதழில் வெளியிட்டார். பிரேமன் துறைமுக நகரம். தானியத்தை மூட்டையாக அடுக்காமல் உயர்ந்த கூடுகளில் மொத்தமாகக் கொட்டிச் சேமிக்கும் பழக்கம் அப்போது பரவிக்கொண்டிருந்தது. அந்தக் கூடுகளின் தரையை எவ்வளவு பலமாகக் கட்டவேண்டும், சுவரை எவ்வளவு பலமாகக் கட்டவேண்டும் என்பது அன்றைய பொறியாளரின் அன்றாடக் கவலை. யான்சென் மரப்பலகையால் சதுர வடிவ மாதிரிக் கூடுகள் செய்தார். கூட்டின் சுவரைத் தனியாகத் தாங்கவைத்து, தரையை மட்டும் ஒரு தராசின் மேல் நிறுத்தினார். உள்ளே தானியத்தைக் கொட்டி, தரைக்கு வந்து சேரும் எடை எவ்வளவு என்று உயரம் கூடக்கூடக் குறித்துக்கொண்டே போனார்.

அவருடைய வாதம் ஒரு பக்கத்துக்குள் அடங்கும். தானியத் தூணை மெல்லிய வட்டத் துண்டுகளாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டை மேலிருந்து அழுத்தினால் அது பக்கவாட்டில் பிதுங்கப் பார்க்கும். அதனால் சுவரைத் தள்ளும். அந்தப் பக்கத் தள்ளல், செங்குத்து அழுத்தத்தின் ஒரு குறிப்பிட்ட பங்கு, ஏறத்தாழப் பாதி என்று வைத்துக்கொள்ளலாம். சுவரைத் தள்ளுவதால் சுவரில் உராய்வு பிறக்கும். உராய்வு துண்டைச் சற்று மேல்நோக்கித் தாங்கும். கீழே போகப்போக அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடினால் பக்கத் தள்ளல் கூடுகிறது. பக்கத் தள்ளல் கூடினால் உராய்வும் கூடுகிறது. ஓர் ஆழத்தில், துண்டின் சொந்த எடை முழுவதையும் சுவரின் உராய்வே தாங்கிவிடும். அதற்குக் கீழே அழுத்தம் ஏறுவதற்குக் காரணமே இல்லை.

எந்த ஆழத்தில் இது நடக்கும் என்பதைக் கூட்டின் அகலம்தான் தீர்மானிக்கிறது. அகலம் குறைந்த கூட்டில் சீக்கிரமே, அகன்ற கூட்டில் தாமதமாக. 6 மீட்டர் விட்டமும் 24 மீட்டர் உயரமும் கொண்ட ஒரு கோதுமைக் கூட்டை எடுத்துக்கொள்வோம். உள்ளே ஏறத்தாழ 530 டன் கோதுமை கொள்ளும். சுவர் உராய்வுக் கெழு 0.4, பக்கப் பங்கு 0.5 என்று வைத்து யான்செனின் சமன்பாட்டில் போட்டால், தரை தாங்குவது சுமார் 160 டன். மீதி 370 டன் சுவரின் மேல் கீழ்நோக்கிய பாரமாக இறங்குகிறது. இதே எடையுள்ள திரவமாக இருந்தால் 530 டன்னும் தரைக்கே வந்திருக்கும். தானியக் கூட்டின் சுவர் வெறும் வேலி இல்லை, அதுதான் முதன்மைத் தூண். இதை உணராமல் கட்டப்பட்ட மெல்லிய உலோகக் கூடுகளின் சுவர், பக்கவாட்டில் வெடிப்பதற்கு முன்பே, மேலிருந்து இறங்கும் பாரத்தால் நெளிந்து மடங்கிவிடும்.

தஞ்சை வட்டாரத்துப் பழைய வீடுகளில் பத்தாயம் இருக்கும். ஆள் உயரத்துக்கு மேல் நெல் கொட்டிய மரப்பெட்டி. அடியில் நெல் எடுக்க ஒரு சிறு திறப்பு. தேவையான நெல்லை எடுத்ததும் ஓட்டத்தைக் கையால் மறித்து, பலகையைத் தள்ளி மூடிவிடலாம். இரண்டு மீட்டர் உயரத் தண்ணீர்த் தொட்டியின் அடியில் உள்ளங்கை அளவுத் திறப்பு வைத்துவிட்டு அதைக் கையால் மூடிப் பாருங்கள். ஏறத்தாழ 20 கிலோ விசை எதிர்த்துத் தள்ளும். நெல்லுக்குத் தண்ணீரை விட எடை குறைவு என்பது ஒரு காரணம். பெட்டியின் நான்கு பக்கமும் பாரத்தில் பங்கு வாங்கிக்கொள்கின்றன என்பது இன்னொரு காரணம்.

மணித்திரளைத் தன் எடையால் மட்டும் அழுந்தவிடாமல் மேலிருந்து பிஸ்டனால் அழுத்தினால் என்ன ஆகும்? அதே கணக்குதான். மேலே கொடுத்த அழுத்தம் கீழே போகப்போக மடங்கு மடங்காகத் தேய்ந்துகொண்டே போகும். மேற்சொன்ன கெழுக்களின்படி, விட்டத்தைப் போல் நான்கு மடங்கு உயரமுள்ள தூணின் தலையில் கொடுத்த விசையில் 5 சதவீதம்கூட அடிக்கு வந்து சேராது. மாத்திரை தயாரிப்பவர்களுக்கு இது தினப்படி சிக்கல். மருந்துத்தூளை அச்சுக்குழியில் இட்டு எஃகு முனையால் நசுக்கும்போது, மேல்பக்கம் இறுகி அடிப்பக்கம் தளர்ந்து நிற்கும். அப்படிச் சீரில்லாமல் இறுகுவது, தொப்பி கழன்றதுபோல் மாத்திரையின் மேல்தட்டு பெயர்ந்து வருவதற்கு ஒரு காரணமாகும். அதனால்தான் இயந்திரங்கள் மேலிருந்தும் கீழிருந்தும் ஒரே நேரத்தில் அழுத்துகின்றன. தூளோடு மெக்னீசியம் ஸ்டியரேட்டைச் சிறிதளவு கலப்பதும் சுவர் உராய்வைக் குறைக்கத்தான். மாத்திரை அட்டையின் உள்ளடக்கப் பட்டியலில் அந்தப் பெயரை நீங்கள் பார்த்திருக்கலாம்.

இதையே தலைகீழாக்கினால் இன்னும் வியப்பு. நம் அரிசிக் குழாயை அசையாமல் பிடித்துக்கொண்டு, அடியிலிருந்து ஒரு கட்டையால் அரிசித் தூணை மேலே தள்ளிப் பாருங்கள். இப்போது உராய்வு எடையைத் தாங்குவதற்குப் பதிலாக உங்களை எதிர்க்கிறது. தள்ளத் தள்ள மணிகள் சுவரை இறுக்குகின்றன. இறுக இறுக எதிர்ப்பு பெருகுகிறது. உயரம் கூடும்போது தேவையான விசை கூட்டல் கணக்கில் ஏறாமல் பெருக்கல் கணக்கில் ஏறும். அரிசி போதிய உயரத்துக்கு இருந்தால் கை வலிக்குமே தவிர தூண் நகராது. கல்குவாரியில் பாறையில் துளை போட்டு, அடியில் வெடிமருந்து இறக்கி, துளையின் மேல்பகுதியைப் பொடி ஜல்லியால் அடைப்பது இந்த இறுக்கத்தை நம்பித்தான். வெடித்த வாயு அடைப்பை மேலே தள்ளும். ஜல்லி துளைச் சுவரில் சிக்கி இறுகும். வாயு வேறு வழியின்றிப் பாறையைப் பிளக்கும்.

இதுவரை சொன்னதெல்லாம் சராசரிக் கணக்கு. யான்சென் ஒரு துண்டுக்குள் எல்லா மணியும் ஒரே அளவு தாங்குகிறது என்று வைத்துக்கொண்டார். அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் முன்னால், 1773-இல், மண் அணைச்சுவரை எவ்வளவு தள்ளும் என்ற கணக்கைப் பாரிஸ் அகாதமியில் சமர்ப்பித்த கூலும்பும் அப்படித்தான் மண்ணை ஒரே தொடர்பொருளாகப் பார்த்தார். மார்த்தினிக் தீவில் பல ஆண்டுகள் கோட்டை கட்டிய இராணுவப் பொறியாளருக்கு மண்சரிவின் மொத்தப் போக்கு தெரிந்தால் போதுமானதாக இருந்தது. உள்ளே ஒரு மணியிலிருந்து அடுத்த மணிக்குப் பாரம் எப்படிக் கைமாறுகிறது என்பதைப் பார்க்க வழி இல்லை. மணல் ஒளியை விடாது.

ஒளியை விடும் மணி வேண்டும். அழுத்தத்தைக் காட்டிக்கொடுக்கும் மணியாகவும் அது இருக்கவேண்டும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் டேவிட் புரூஸ்டர் கண்ட ஒரு விளைவு அதற்கு வழிவிட்டது. கண்ணாடியை அழுத்தினால், அதன் வழியே செல்லும் ஒளி, அழுத்தத்தின் திசையில் ஒரு வேகத்திலும் அதற்குக் குறுக்கே இன்னொரு வேகத்திலும் போகும். குறுக்காக வைத்த இரண்டு போலராய்டு தாள்களுக்கு நடுவே பார்த்தால், அழுத்தமில்லாத கண்ணாடி இருண்டிருக்கும்; அழுந்திய இடம் ஒளிரும். இதைத் தூளாக்கிய கண்ணாடியில் 1950-இல் ஜப்பானின் வாகாபயாஷி பயன்படுத்தினார். 1957-இல் லண்டனில் நடந்த மண் இயக்கவியல் மாநாட்டில் பிரான்சின் தாந்து காட்டிய படங்கள்தான் துறையின் கவனத்தைத் திருப்பின.

அந்தக் காட்சியைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். இன்று ஆய்வகங்களில் ஒளிபுகும் மென்மையான பாலிமர் தகட்டிலிருந்து சட்டைப் பொத்தான் அளவு வட்டுகள் வெட்டி, இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒற்றை அடுக்காகப் பரப்புகிறார்கள். எல்லா வட்டும் ஒரே அளவில் இருந்தால் தேன்கூடு போல் ஒழுங்காக அடுக்கிக்கொள்ளும் என்பதால் இரண்டு அளவுகளைக் கலந்து போடுவது வழக்கம். பின்னால் விளக்கு, முன்னாலும் பின்னாலும் போலராய்டு. ஆரம்பத்தில் எல்லாம் கருப்பு. ஒரு பக்கச் சட்டத்தை மெல்ல உள்ளே தள்ளும்போது எங்கோ இரண்டு வட்டுகள் தொடும் முனையில் ஒரு வெளிச்சப் பொட்டு தோன்றும். பிறகு, மழைக்கு முன் மின்னல் வெட்டுவதுபோல், சட்டத்திலிருந்து சட்டம்வரை ஒளிக்கோடுகள் ஓடிவிடும். அவை நேராக ஓடுவதில்லை. வட்டிலிருந்து வட்டுக்கு வளைந்து, ஓரிடத்தில் இரண்டாகப் பிரிந்து, இன்னோரிடத்தில் சேர்ந்துகொள்ளும். கோடுகளுக்கு நடுவே ஐந்தாறு வட்டுகள் சேர்ந்தாற்போல் முழு இருட்டில் இருக்கும். பாரம் தாங்கும் வட்டின் தோளிலேயே சாய்ந்துகொண்டு, தாங்கள் எதையும் தாங்காத வட்டுகள் அவை.

இன்னும் அழுத்தினால் ஒளிரும் வட்டுகளுக்குள் கருப்பும் வெள்ளையுமாக வரிகள் தோன்றி, தொடுமுனையிலிருந்து உள்நோக்கி எண்ணிக்கையில் பெருகும். வரி கூடினால் விசை கூடியது என்று பொருள். திடீரென்று ஒரு வட்டு அரை மில்லிமீட்டர் நழுவும். அதை ஒட்டிய நீண்ட கோடு முழுவதும் அணைந்து, கையளவு தள்ளி வேறொரு கோடு பற்றிக்கொள்ளும். கண்ணால் பார்க்கும்வரை நம்பக் கடினமான காட்சி இது. சீராகப் பரவுகிறது என்று நாம் பாடத்தில் படித்த அழுத்தம், தனக்கென்று சில பாதைகளைத் தேர்ந்துகொண்டு, மீதி இடங்களை விட்டுவிடுகிறது. இந்தப் பாதைகளுக்கு விசைச் சங்கிலிகள் என்று பெயர்.

படம் பிடிப்பது ஒன்று, எண்ணாக்குவது வேறு. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் பெரிஞ்சர் தம் பணிக்காலத்தின் பெரும்பகுதியை இந்த வட்டுகளோடு கழித்தார், 2018-இல் மறைந்தார். அவரும் மாணவர் திருஷாந்த் மஜ்முதாரும் 2005-இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையின் மைல்கல். ஏறத்தாழ 2500 வட்டுகள். ஒவ்வொன்றின் உள்ளே தெரியும் வரிகளின் வடிவத்தையும் கணினி கொண்டு பொருத்திப் பார்த்து, ஒவ்வொரு தொடுமுனையிலும் எவ்வளவு விசை, எந்தத் திசையில் என்பதைத் தனித்தனியாகக் கணக்கிட்டார்கள். நான்கு பக்கமும் ஒரே அளவு அழுத்தியபோது சங்கிலிகள் குட்டையாக, திசையின்றிப் பின்னிக் கிடந்தன. ஒரு திசையில் அழுத்தி, குறுக்குத் திசையில் தளர்த்தியபோது, சங்கிலிகள் நீண்டு, அழுத்தும் திசைக்கு நேராகத் திரும்பிக்கொண்டன. வெளியிலிருந்து எப்படி அழுத்தினோம் என்பது உள்ளே பாதைகளின் அமைப்பாகவே எழுதப்பட்டுவிடுகிறது.

வட்டு என்பது தட்டையான உலகம். உண்மையான மணிக்குவியலுக்கு மூன்று பரிமாணம் உண்டே என்ற நியாயமான ஐயத்துக்கு, 1990-களில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சிட்னி நேகல், ஹைன்ரிச் யேகர் குழுவினர் கண்ட வழி எளிமையால் மனதைக் கவர்வது. உருளைக் கலத்தின் அடியிலும் சுவரிலும் வெள்ளைத்தாளைப் பரப்பி, அதன்மேல் கார்பன் தாள் வைத்து, உள்ளே ஆயிரக்கணக்கில் கண்ணாடிக் கோலிகளை நிரப்பி, மேலிருந்து பிஸ்டனால் அழுத்தினார்கள். பிரித்துப் பார்த்தால் தாளில் கருப்புப் புள்ளிகள். தாளைத் தொட்ட ஒவ்வொரு கோலிக்கும் ஒன்று. எந்தக் கோலி பலமாக அழுத்தியதோ அதன் புள்ளி பெரிதாகவும் அடர்த்தியாகவும் இருக்கும். தெரிந்த விசையால் ஒரு கோலியை அழுத்தி எடுத்த புள்ளியோடு ஒப்பிட்டு, ஒவ்வொன்றின் விசையையும் படித்தெடுக்கலாம்.

படித்தெடுத்தபோது தெரிந்தது இது: சராசரிக்குக் கீழே எந்த அளவு விசையும் கிட்டத்தட்ட ஒரே எண்ணிக்கையில் வருகிறது. சராசரிக்கு மேலே எண்ணிக்கை குறைகிறது, ஆனால் நாம் எதிர்பார்ப்பதைவிட மெதுவாக. சராசரியைப் போல் மூன்று மடங்குக்கு மேல் தாங்கும் கோலி நூற்றில் இரண்டு. மனிதரின் உயரத்தில் இப்படி ஒரு பரவல் இருந்தால், நூறு பேர் கூடும் இடத்தில் பதினாறு அடி மனிதர் இரண்டு பேர் நிற்பார்கள். அதனால் கோலி உடையுமா, உடையாதா என்று சராசரி அழுத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது. உடையப்போவது அந்த நூற்றில் இரண்டு. எங்கே இருக்கின்றன என்பது முன்கூட்டித் தெரியாது.

இதற்கிடையே கணினியும் துணைக்கு வந்துவிட்டது. 1979-இல் பீட்டர் கண்டாலும் ஓட்டோ ஸ்ட்ராக்கும் ஒவ்வொரு மணியின் நகர்வையும் நியூட்டன் விதிப்படி தனித்தனியாகக் கணக்கிடும் முறையை வெளியிட்டார்கள். இன்று சுரங்கம், மருந்து, வேளாண் இயந்திரம் என்று எங்கும் புழங்கும் முறை அது. பிரான்சில் ஃபர்ஹாங் ரஜாயும் தோழர்களும் 1998-இல் இப்படியான கணக்கீட்டில் கண்ட முடிவுதான் இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்தது. எல்லாத் தொடுமுனைகளையும் சராசரிக்கு மேல், சராசரிக்குக் கீழ் என்று இரண்டாகப் பிரித்தார்கள். சராசரிக்கு மேலுள்ளவை சிறுபான்மை, அவைதான் சங்கிலிகள். குவியல் ஒரு திசையில் காட்டும் விறைப்பு ஏறத்தாழ முழுவதும் அவற்றால் வருகிறது. சராசரிக்குக் கீழுள்ளவை ஏறத்தாழ 60 சதவீதம். அவை திரவம்போல எல்லாத் திசையிலும் தள்ளுகின்றன.

அப்படியானால் அந்த 60 சதவீதம் வீணா? இல்லை. ஒரு சங்கிலி என்பது ஒன்றின்மேல் ஒன்றாக நின்ற மணிகளின் ஒல்லியான தூண். தனியாக நிறுத்தினால் அடுத்த நொடியே மடங்கிவிடும். அதைப் பக்கவாட்டில் அணைத்து மடங்கவிடாமல் வைத்திருப்பவை அந்த இருண்ட, பலமில்லாத மணிகள்தான். அவற்றில் சிலவற்றை எடுத்துவிட்டால், தாங்கும் மணி ஒன்றைக்கூடத் தொடாமலே சங்கிலி சரிந்துவிடும். பாரம் தாங்காத மணியை வேண்டாத மணி என்று கணக்கிட்ட பழைய பார்வையை இந்த முடிவு மாற்றிவிட்டது.

இனி, மனதில் வைத்துக்கொள்ளச் சொன்ன அந்த மாறும் எண்ணுக்கு வருவோம்.

தரையில் ஒரு மணல் குவியல். அடியில் எந்த இடத்தில் அழுத்தம் மிகுதியாக இருக்கும்? உச்சிக்கு நேர் கீழே, அங்கேதானே மணல் உயரம் மிகுதி என்று எவரும் சொல்வார்கள். 1981-இல் ஸ்மீட், நோவோசாட் என்ற இருவர் அளந்து பார்த்தபோது உச்சிக்கு நேர் கீழே அழுத்தம் குறைந்திருந்தது. மையத்தைச் சுற்றி ஒரு வளையத்தில்தான் அழுத்தம் உச்சம். 1990-களில் இயற்பியலாளர்கள் இதைச் சுற்றி ஆண்டுக்கணக்கில் வாதிட்டார்கள். அளவீட்டிலேயே பிழை என்று சொன்னவர்களும் உண்டு.

1999-இல் பாரிஸ், டியூக் ஆய்வகங்கள் சேர்ந்து செய்த சோதனை வாதத்துக்கு ஒரு முடிவு கட்டியது. ஒரே மணலால் ஒரே உயரத்தில், ஒரே சரிவில் குவியல்களை இரண்டு விதமாகக் கட்டினார்கள். ஒன்றைப் புனல் வழியாக ஒரே புள்ளியில் கொட்டிக் கட்டினார்கள். இன்னொன்றைச் சல்லடையால் பரவலாகத் தூவிக் கட்டினார்கள். புனலில் கட்டிய குவியலின் அடியில், மையத்தில் அழுத்தம் குறைந்திருந்தது. சல்லடையில் கட்டியதில் அப்படிக் குறையவில்லை. புனலிலிருந்து விழும் மணல் உச்சியில் சேர்ந்து, சரிவில் வழிந்து, ஓடி வந்த வேகத்தில் சாய்ந்தபடியே நின்றுவிடுகிறது. இப்படி அடுக்கடுக்காக நின்றவற்றின் சங்கிலிகள் வெளிப்பக்கம் சாய்ந்தே அமைகின்றன; நடுவில் உள்ள எடையை வெளியே கடத்திவிடுகின்றன. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே குவியல். உள்ளே, தாங்கள் கட்டப்பட்ட விதத்தை இரண்டும் வெவ்வேறாக நினைவில் வைத்திருக்கின்றன. நிரப்பிய விதத்துக்கேற்ப நம் குழாயின் எண் மாறியதும் இதனால்தான்.

இந்த நினைவு எவ்வளவு மெல்லியது என்பதற்கும் ஒரு சோதனை உண்டு. சிகாகோ குழுவினர் கோலிப் படுகையின் ஒரு பக்கத்தை அதிரவைத்து, இன்னொரு பக்கத்துக்கு வந்து சேரும் அதிர்வை அளந்தார்கள். இடையில் ஒரே ஒரு கோலியின் இடத்தில் சிறு சூடேற்றியை வைத்து, ஒரு டிகிரிக்கும் குறைவாகச் சூடாக்கினார்கள். அது விரிந்தது கண்ணுக்கே தெரியாத அளவு. ஆனால் வந்து சேரும் அதிர்வு கணிசமாக மாறியது. ஒரு சங்கிலி தளர்ந்து இன்னொரு சங்கிலி இறுகியிருக்கவேண்டும்.

வெயிலில் நிற்கும் உலோகத் தானியக் கூட்டில் இதே செயல் பெரிய அளவில் நடக்கிறது. பகலில் சுவர் விரியும். தானியம் சற்று இறங்கி அந்த இடத்தை நிரப்பிக்கொள்ளும். இரவில் சுவர் சுருங்கப் பார்க்கும். தானியம் மேலேறி வழிவிடாது. சுவரில் இழுவிசை கூடும். மறுநாள் பகலில் இன்னும் கொஞ்சம் இறங்கும். இப்படி நாளுக்கு நாள் ஏறிப்போகும் இறுக்கம் சுவரைக் கிழித்துவிடக் கூடும். தானியத்தை வெளியே திறந்துவிடும் தருணமும் ஆபத்தானது. நிரப்பும்போது கீழ்நோக்கி நின்ற சங்கிலிகள், திறந்ததும் வளைவுகளாகத் திரும்பிச் சுவரில் குத்துகின்றன. சுவரின் பக்க அழுத்தம் சட்டென்று ஏறும். ஒரு பக்கமாக வைத்த திறப்பு என்றால் ஏற்றமும் ஒரு பக்கமாகவே இருக்கும். காலியாகும் கூட்டுக்கு நிறைந்த கூட்டை விடப் பலமான சுவர் தேவை என்பது முதலில் கேட்பவருக்கு முரணாகத் தோன்றும். இந்தியத் தர அமைவனத்தின் ஐஎஸ் 4995 உள்படத் தானியக் கூடுகளுக்கான விதிநூல்கள் நிரப்பும் நிலைக்கும் காலிசெய்யும் நிலைக்கும் தனித்தனிக் கணக்கு கேட்பது இதனால்தான்.

நம்மில் பெரும்பாலோர் அடிக்கடி நம்பிப் பயணம் செய்யும் மணித்திரள் ஒன்று உண்டு: தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கும் கருங்கல் ஜல்லி. சரக்கு ரயிலின் ஓர் அச்சு 22 டன்னுக்கு மேல் பாரம் இறக்கும். தண்டவாளம் அதைச் சில ஸ்லீப்பர்களுக்குப் பகிரும். ஸ்லீப்பர் ஜல்லிக்குத் தரும். கான்கிரீட் ஸ்லீப்பரின் அடிப்பரப்பில் மிகச் சிறு பங்குதான் உண்மையில் கல்லைத் தொடுகிறது. அந்த முனைகளிலிருந்து சங்கிலிகள் கிளம்பி, ஓரடி ஆழ ஜல்லிக்குள் கிளைத்து, மண்ணுக்கு இறங்குகின்றன. ஆற்றுக் கூழாங்கல்லை இதற்குப் போடுவதில்லை. உருண்டைக் கல்லின் சங்கிலி எளிதில் உருண்டு மடங்கிவிடும். உடைத்த கல்லின் மூலைகள் ஒன்றில் ஒன்று சிக்கிக்கொள்ளும். ஆனால் அந்த மூலைகளில்தான் விசையும் குவிகிறது. ஒவ்வொரு ரயிலும் சில கற்களின் மூலையைக் கொஞ்சம் நொறுக்கும். நொறுங்கிய தூள் இடைவெளிகளை அடைக்கும், பாதை தாழும், தண்ணீர் வடியாமல் நிற்கும்.

தாழ்ந்த பாதையை டேம்பிங் இயந்திரம் நிமிர்த்துகிறது. தண்டவாளத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எஃகுக் கைகளை ஜல்லிக்குள் இறக்கி, நொடிக்கு 35 முறை அதிரவைத்து, ஸ்லீப்பருக்கு அடியில் கல்லைத் திணிக்கும். மட்டம் சரியாகிவிடும். ஆனால் ரயில்கள் ஓடி ஓடி உருவாக்கிய சங்கிலிகள் அத்தனையும் குலைந்துபோகும். கற்கள் புதிதாகக் கொட்டியவைபோல் தளர்ந்து நிற்கும். பாதையைப் பக்கவாட்டில் பிடித்து நிறுத்தும் பலம் கணிசமாகக் குறைந்துவிடும். வெயிலில் விரியத் துடிக்கும் நீண்ட பற்றவைப்புத் தண்டவாளத்தை நெளியவிடாமல் வைத்திருப்பது இந்தப் பக்கப் பிடிதான். தண்டவாளத்தின் வெப்பநிலை குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினால் ஜல்லியைக் கிளறும் வேலையே செய்யக் கூடாது என்று ரயில்வே விதிகள் சொல்வதும், வேலை முடிந்த இடத்தில் வேகக் கட்டுப்பாட்டுப் பலகை நடுவதும் அதற்காகத்தான். டைனமிக் டிராக் ஸ்டெபிலைசர் என்ற இயந்திரத்தைப் பின்னாலேயே ஓட்டி, பாதையைக் கீழ்நோக்கி அழுத்தியபடி பக்கவாட்டில் அதிரவைத்தால் சங்கிலிகள் விரைவில் அமையும். அந்த இயந்திரம் இல்லாத இடத்தில் அந்த வேலையை ரயில்களே செய்கின்றன. மெதுவாகச் செல்லும் முதல் சில நாள் வண்டிகள் ஒவ்வொன்றும் கற்களை இறுக்க இறுக்க, வேக வரம்பைப் படிப்படியாக உயர்த்துகிறார்கள்.